பின்வாசலோடு நின்றுபோன ஷெட்

சரவணா, நேற்று நீ போனில் இரண்டு கேள்வி கேட்டாய். இரண்டுக்கும் நான் "நெட்வொர்க் சரியில்லடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. உன் அப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். படிக்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்தார். நாம் பேசி முடிக்கும் வரை ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு, வரப்போகிற என் மருமகள் தேன்மொழிக்கும் படிக்க அனுப்பு. இங்கே அப்பாவும் எப்படியும் எடுத்துப் படித்துவிடுவார். ஒளித்து வைத்தால் தேடுவார், மேசைமேல் வைத்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் கட்டியிருப்பது ஏன் பாதியில் நிற்கிறது என்பது உன் முதல் கேள்வி. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருக்க வேண்டும் என்று அப்பா எதிர்பார்க்கிறாரா என்பது இரண்டாவது. நீ இரண்டையும் வேறு வேறு என்று நினைத்துக் கேட்டாய். இரண்டும் ஒன்றுதான். சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீ புனேவுக்கு டிரெய்னிங் போன புதிதில் என்னிடம் ஒரு ரகசியம் சொன்னாய். தை மாதம் கல்யாணம் முடிந்ததும் உனக்கு ஒரகடத்தில் வேலை, தேன்மொழிக்கு ஏனாத்தூர் காலேஜ் லைப்ரரியில் வேலை, இரண்டுக்கும் தோதாக வாலாஜாபாத் பக்கம் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறோம், அப்பாவிடம் நல்ல நேரம் பார்த்து நீயே சொல்லிவிடு என்றாய். நானும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கு அந்த வீட்டைக் காட்டிய புரோக்கர், தினமும் உன் அப்பாவோடு டீ குடிக்கிற ஆள் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காஞ்சிபுரத்தில் ஒரு விஷயத்தை மறைக்க நினைப்பவன் முதலில் டீக்கடைகளை மூட வேண்டும்.

டீக்கடையில் புரோக்கர் சொல்லிவிட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டார், கை கழுவினார். பரணில் ஏறி அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். உன் அப்பாவுக்கு வருத்தம் வந்தால் வாய் திறக்காது, டேப்தான் திறக்கும். நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வாரம் மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன் எத்தனையோ வருஷம் அந்தப் படியில் கைப்பிடி இல்லாமல்தான் ஏறி இறங்கினோம். நீ போனதும் கைப்பிடி வந்துவிட்டது.

"இன்னாங்க அளக்கறீங்க?" என்றேன்.

"பின்னாடி ஒரு சிட்-அவுட் போடலாம்னு இருக்கேன். மேல ஷீட்டு, கீழ டைல்ஸு. சாயங்காலம் காத்தாட உக்காரலாம்."

"யாரு உக்கார?"

"உக்கார்றவங்க உக்காருவாங்க."

அதற்கு மேல் கேட்டால் பதில் வராது என்று தெரியும். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குறை சொல்லக் கூடாது, அந்த மனுஷன் திட்டம் போட்ட அழகைப் பார்த்திருக்க வேண்டும் நீ. முதலில் வெயில். பின்பக்கம் மேற்கு பார்த்தது, மத்தியானம் தாண்டினால் சுவரே கொதிக்கும். எந்த நேரத்தில் வெயில் எதுவரைக்கும் வருகிறது என்று பார்க்க, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயில் மேலே பட்டதும் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். போட்ட இடத்துக்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பக்கத்து வீட்டு மஞ்சுளா மதில்மேல் தலையை நீட்டி, "அக்கா, அண்ணன் இன்னா காலையிலேருந்து நாற்காலிய தூக்கிக்கினு சுத்திக்கினு இருக்காரு, உடம்பு நல்லாதான இருக்குது?" என்று கேட்டாள். வெயில் அளக்கிறார் என்றேன். அவள் அதை நம்பவில்லை என்பது அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

அடுத்தது கூரை. ஓடு போட்டால் குரங்கு உருவிப் போடும், கீற்று வேய்ந்தால் பிய்த்துப் போடும். கோயில் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறவர்கள் கூரையைப் பற்றி யோசிக்கும்போது மழைக்கு முன்னால் குரங்கைத்தான் யோசிக்க வேண்டும். ஆகவே தகர ஷீட், சூடு இறங்காமல் இருக்க அதற்கு அடியில் ஒரு மெத்தை மாதிரி ஏதோ ஒன்று. தண்ணீர் மஞ்சுளா வீட்டு மதிலில் விழாமல் நம் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் விழ, சரிவு எப்படி இருக்க வேண்டும் என்று சொம்பில் தண்ணீர் எடுத்து அட்டைமேல் ஊற்றிப் பார்த்தார். ஃபேன் தலையில் இடிக்காத உயரம், கால் வழுக்காத டைல்ஸ், எல்லாம் யோசித்தார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஷீட்டு போட்டா அடுப்பங்கர ஜன்னல் இருட்டாயிடுமே?"

"டியூப்லைட் போட்டுக்கலாம்."

"பகல்லயா?"

"ஏன், பகல்ல டியூப்லைட் எரியாதா?"

நான் உள்ளே போய்விட்டேன். இப்படிப்பட்ட பதிலுக்கு மேல் பேசினால் குழம்பு தீய்ந்துவிடும்.

இனிமேல்தான் நீ கேட்ட பாதிக் கதை வருகிறது. உன் அப்பா இருபது வயதிலிருந்து பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர். பொடிக் கட்டம் போட்ட கிராஃப் தாளில் மாங்காய், மயில் என்று புட்டா வரைகிறார். இப்போது கடையில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஆனாலும் முதலில் பென்சில்தான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிற புட்டா என்றால் அவர் பாதிதான் வரைவார். நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்டு நிறுத்திவிடுவார். அந்தக் கோட்டைப் பார்த்தால் தெரிந்தவர்களுக்குப் போதும், மறுபாதியை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். ஒரு பக்கத்து மயில் வரைந்தால் எதிர்ப்பக்கத்து மயில் தானாக வந்து உட்காரும். இத்தனை வருஷத்தில் அவர் எத்தனை பாதி வரைந்திருப்பார், ஒரு தடவைகூட மறுபாதி வராமல் போனதில்லை.

நம் பின்வாசலோ சுவருக்கு நட்டநடுவில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் அவர் கை சும்மா இருக்குமா? கிராஃப் தாளை எடுத்தார். வாசலுக்கு வலதுபக்கம் ரொம்ப அழகாக வரைந்தார். தூண் எங்கே, ஃபேன் எங்கே, ஈசிசேர் எங்கே, காபி டம்ளர் வைக்க ஸ்டூல் எங்கே, எல்லாம் உண்டு. வாசலுக்கு நடுவில் சிவப்புக் கோடு போட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். அதைக் கொண்டுபோய் வெல்டிங் பட்டறை ஜபார் பாயிடம் கொடுத்தார். ஜபார் பாய் ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிறவர். அவர் வாழ்க்கையில் மயில் வரைந்ததில்லை.

ஜபார் பாய் வேலையைத் தொடங்கியபோது கடையில் முகூர்த்த சீசன். உன் அப்பா காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதோடு அவருக்கு ஒரு கொள்கை இருக்கிறதே, தான் டிசைன் போட்ட சேலையைத் தறியில் இருக்கும்போது எட்டிப் பார்க்கவே மாட்டார், அறுத்து மடித்து வந்த பிறகுதான் பார்ப்பார். நடுவில் பார்த்தால் பிழைதான் கண்ணில் படும் என்பார். அதையே ஷெட்டுக்கும் வைத்துக்கொண்டார். "முடிஞ்சதும் சொல்லு, வந்து பாக்கறேன்" என்று சொல்லி, முன்வாசலில் வந்து முன்வாசலிலேயே போனார். பின்கதவு பக்கம் திரும்பவில்லை.

நான் பார்த்தேன். தினமும் பார்த்தேன். மூன்றாம் நாள் ஷீட் ஏற்றியதும், "இவ்ளோதானா பாய்?" என்று கேட்டேன். "பிளான்ல இவ்ளோதாம்மா" என்றார். ஷீட் சரியாக வாசலின் நடுவில் வந்து நின்றிருந்தது. வாசலில் நின்றால் வலது தோளுக்கு நிழல், இடது தோளுக்கு வெயில். இடதுபக்கம் என் அடுப்பங்கரை ஜன்னல், எப்போதும் போல வெளிச்சமாக. எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. அவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபாதியும் வந்து ஜன்னலை மூடிவிடும். வாயை மூடிக்கொண்டு ஜபார் பாய்க்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன்.

முடிந்த அன்று சாயங்காலம் உன் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்தார். நான் அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வலதுபக்கம் பார்த்தார், முகம் மலர்ந்தது. இடதுபக்கம் பார்த்தார். மறுபடி வலதுபக்கம் பார்த்தார். "மீதி எங்க?" என்றார். பக்கத்தில் யாரோ எடுத்து ஒளித்து வைத்த மாதிரி மதிலுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க அரிசி டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

ஜபார் பாயை வரவழைத்தார். அந்தப் பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும்.

"பாய், இது பாதிதான?"

"ஆமா அண்ணே."

"மீதி?"

"நீங்க வரையலையே."

"செவப்புக் கோடு போட்டிருக்கேன் பாரு. செவப்புக் கோடு போட்டா இன்னா அர்த்தம்?"

"அதுக்கு மேல போகாதன்னு அர்த்தம்."

ஜபார் பாய் அதோடு விடவில்லை. "நான்கூட இன்னாடா இதுன்னு யோசிச்சேன் அண்ணே. அப்புறம் டிசைன் போடறவரு, எதனா புதுசா யோசிச்சிருப்பாருன்னு விட்டுட்டேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வெச்சேன், ஐயம்பேட்டைலேருந்து ஒருத்தரு இதே மாதிரி வேணும்னு கேக்கறாரு. பாதி வெயிலு, பாதி நிழலு, ஜோரா இருக்குதாம்" என்றார். அந்த ஐயம்பேட்டைக்காரர் வீட்டில் இப்போது நிஜமாகவே பாதி ஷெட் நிற்கிறதாம். உன் அப்பா வரைந்த டிசைன்களில் மறுபாதி இல்லாமலே ஊருக்குப் பரவியது அது ஒன்றுதான்.

இதைச் சரிசெய்ய நேரம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தாமலிலிருந்து தேன்மொழி வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். பெண் எங்கே குடியிருந்தாலும், மாப்பிள்ளை வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தானே வருகிறார்கள். உன் அப்பாவுக்கு அதுதான் கவலை. இங்கே வந்து பார்த்ததும் சம்பந்தி வீட்டாரே, "வாடகை வீடு எதுக்கு, இதே நல்லா இருக்குதே" என்று சொல்லிவிட வேண்டும் என்று அவர் மனதில் ஒரு கணக்கு. அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமையே ஈசிசேரைக் கழுவித் துடைத்து அந்தப் பாதியில் போட்டு, இப்படியும் அப்படியும் நாலைந்து விதமாகத் திருப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

ஐப்பசி மாசம் வானம் யாரைக் கேட்டுப் பெய்கிறது? அவர்கள் வந்து, காபி குடித்து, எல்லோரையும் உன் அப்பா பெருமையாகப் பின்பக்கம் அழைத்துப்போய் நிறுத்தியதும் கொட்டியது பார். வந்தவர்கள் ஒரு வேன் நிறைய. அத்தனை பேரும் அந்தப் பாதிக்குள் ஒண்டிக்கொண்டார்கள். கடைசியில் நின்ற தேன்மொழியின் சித்தப்பாவுக்கு ஒரு தோள் மட்டும் நனைந்துகொண்டிருந்தது. வாசல் வழியாக உள்ளே போகலாம் என்றால், வாசலின் பாதியில் தண்ணீர் திரை மாதிரி விழுகிறது. இதற்கு நடுவே நனையப் பிடிக்காத குரங்குகள் வேறு வேப்பமரத்திலிருந்து ஷீட்மேல் குதித்து ஓடி, ஷீட்டுக்கு அடியில் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. அவையும் நம் பாதிக்குத்தான் வந்தன. மேலே தடதடவென்று சத்தம், கீழே யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. உன் அப்பா அந்தச் சத்தத்திலும் சம்பந்தியின் காதருகே போய், புட்டாவுக்குப் பாதி வரையும் முறையை விளக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தி நெல் பயிரிடுகிறவர், நிதானமான ஆள். முழுவதும் கேட்டுவிட்டு ஷீட்டின் ஓரத்தை ஒரு முறை பார்த்தார்.

"சரி சம்பந்தி, மீதி எப்போ வளரும்?" என்றார்.

அவர் சிரிக்காமல் கேட்டார். அதனால் யாராலும் சிரிக்க முடியவில்லை. உன் அப்பா முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் வந்தது பரிதாபமா கோபமா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று வைத்துக்கொள்.

தேன்மொழி அந்தக் கூட்டத்தில் இல்லை. மழை வந்ததுமே அவள் அடுப்பங்கரைக்குள் வந்துவிட்டாள். ஜன்னல் வழியாக நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சம்பந்தமில்லாமல் என் வாயில் வந்தது, "அந்த மறுபாதில இன்னா போடலாம், நீ சொல்லுமா" என்றேன். பேச்சுக்குத்தான் கேட்டேன். வரப்போகிற மருமகள், கேட்டால் மரியாதையாக இருக்குமே என்று. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"உங்களுக்கு இன்னா வேணும் அத்த?" என்றாள்.

சரவணா, கையில் கரண்டியோடு நின்றேன். அந்தக் கிராஃப் தாள் மனதில் ஓடியது. ஜபார் பாய்க்குச் சிவப்புக் கோடு புரிந்து, மறுபாதி ஒழுங்காகத் திரும்பி வந்திருந்தால் என்ன வந்திருக்கும்? இன்னொரு ஈசிசேர், இன்னொரு ஃபேன், இன்னொரு ஸ்டூல். எனக்கு என்று அவர் வைத்தது அவருக்குப் பிடித்ததன் மறுபக்கம். நான் எப்போதடா ஈசிசேரில் உட்கார்ந்திருக்கிறேன்? கல்யாணச் சேலைகளுக்கு பிளவுஸ் தைக்கிறவள் நான். என் தையல் மெஷின் நடையில் டியூப்லைட்டுக்குக் கீழே கிடக்கிறது, பட்டு நூலின் நிறம் பகலிலேயே சரியாகத் தெரியாது, அரக்குக்குப் பதில் மெரூன் போட்டுப் பிரித்துத் தைத்த பிளவுஸ் எத்தனை. மெஷினை வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தோன்றவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. தேன்மொழியிடம் மெஷினைப் பற்றிச் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய் வறுக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுப்பில் மிளகாயே இல்லை. அவள் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

உன் அப்பாவை மட்டும் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதே. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் திருத்தணிக்குப் போனோம். சாமி பார்க்கும் வரை அவருக்குப் பசிக்காது. ஆகவே எனக்கும் பசிக்காது என்று முடிவுசெய்துவிட்டார். விறுவிறுவென்று படி ஏறினார், நானும் பின்னாலேயே ஏறினேன். பாதிப் படியில் எனக்குக் கண்ணைக் கட்டியது. உட்கார்ந்துவிட்டேன். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அங்கே கட்டுச்சாதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து ஒரு இலையில் புளிசாதம் வைத்துக் கொடுத்தார்கள். மேலே போய்த் திரும்பிப் பார்த்தவர் பதறிக்கொண்டு இறங்கி வந்தால், பெண்டாட்டி யாரோ ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து வடாம் கடித்துக்கொண்டிருக்கிறாள். "பசிச்சா சொல்லக்கூடாதா?" என்றார். "கேட்டா சொல்லியிருப்பேன்" என்றேன். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது நல்ல பதிலாகத் தெரிந்தது. அவர் தன்னைப் போலவே என்னையும் நினைத்துக்கொண்டு போவார், நான் கேட்கட்டும் என்று காத்திருந்து கேட்காவிட்டால் மனதுக்குள் திட்டுவேன். இப்படியே குடும்பம் நடத்திவிட்டோம். மோசமாக இல்லை, நன்றாகத்தான் நடந்தது. ஆனாலும் நீ இப்படி நடத்தாதே. தேன்மொழி வாயைத் திறந்து கேட்கிறவள். நீயும் கேள். அவளுக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை என்பதிலிருந்து கேள். உன் சர்க்கரையே அவள் சர்க்கரை என்று நினைக்கிற புத்தி உன் ரத்தத்தில் இருக்கிறது, ஜாக்கிரதை.

அவர்கள் வேன் ஏறிப் போனதும் உன் அப்பா அந்தப் பாதியில், ஈசிசேரில், கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"இது யாருக்குக் கட்டினீங்க?"

"வீட்டுக்கு."

"வாடக வீட்டு விஷயம் தெரியுமா உங்களுக்கு?"

"டீக்கடைல புரோக்கர் சொன்னான்" என்றார். "அதுங்க இங்க இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. சாயங்காலம் வேல விட்டு வந்தா காத்தாட உக்கார எடம் வேணாமா? இந்த வீட்ல எங்க இருக்குது எடம்?"

"அத அவன்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலயா? ஷெட்டு கட்டினேனே."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டேன். எனக்கு அப்படித்தான் வந்தது, என்ன செய்ய. புனேவில் இருக்கிற பிள்ளைக்கு, காஞ்சிபுரத்தில் ஷெட் கட்டினால் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு மனுஷன் நிஜமாக நம்பியிருக்கிறார். அதுவும் பாதி ஷெட். கைப்பிடி போட்ட காலத்தில் அவர் உன்னிடம் சொன்னதும் இதுதான் என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ அதைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாய், அவ்வளவுதான்.

"வரைஞ்ச பாதி வரைக்கும்தாங்க வந்து சேரும்" என்றேன். "அவன் ஜபார் பாய் மாதிரிதான். செவப்புக் கோட்டப் பாத்தா, அதுக்கு மேல போகக் கூடாதுன்னு நின்னுடுவான்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் எழுந்துபோய் ஒரு புதுக் கிராஃப் தாள் எடுத்து வந்தார். வலதுபக்கம் இருப்பதை அப்படியே வரைந்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார், பார்த்தார், கீழே வைத்துவிட்டார். இடதுபக்கத்தை என் பக்கம் திருப்பி, கறுப்புப் பென்சிலை என்னிடம் நீட்டினார். கல்யாணத்தில் தாலிக்குப் பிறகு அவர் தாமாக நீட்டி நான் வாங்கிக்கொண்ட பெரிய பொருள் அதுதான் என்று சொன்னால் நம்புவாயா? அடுப்பங்கரை ஜன்னலுக்கு எதிரே கூரையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதைத் தாண்டி மதிலோரம் ஒரு சின்னக் கூரை, கீழே என் மெஷின், இடதுகைப் பக்கம் வெளிச்சம். அதற்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிற கல். நான் வரைந்த மெஷின் யானை அளவுக்கு வந்துவிட்டது. "அளவு தப்பா இருக்குதே" என்றார். "இருக்கட்டும்" என்றேன். சரி என்று விட்டுவிட்டார், ஆனால் நான் எழுந்து போனதும் ரப்பரால் அழித்துச் சின்னதாக்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதற்கு மேல் அவரை மாற்ற முடியாது.

ஜபார் பாய் வந்து புதுத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி இருக்குதே அண்ணே, சேராதே" என்றார். "அப்படித்தான் இருக்கும், கட்டு" என்றார் உன் அப்பா. அடுத்த வாரம் வேலை தொடங்குகிறது.

இப்போது உன் இரண்டாவது கேள்விக்கு என் பதில். நீங்கள் இங்கே இருந்தால் எனக்குச் சந்தோஷம். நீ இல்லாத வீட்டில் உன் அப்பா என்னிடம் பேசுவதைவிட டேப்போடு பேசுவதுதான் அதிகம். ஆனால் அவர் ஷெட் கட்டிவிட்டாரே என்பதற்காக இருக்க வேண்டாம். பாவம் பார்த்து இருக்கிற பிள்ளையோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ண என்னால் ஆகாது. தேன்மொழியைக் கேள். அவள் வாலாஜாபாத் என்றால் வாலாஜாபாத். ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் இரண்டு பக்கமும் ஓடுகின்றன, ஞாயிற்றுக்கிழமை வந்து நனையாமல் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

இதை இவ்வளவு தூரம் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் நான் சொன்னபடியே ஆயிற்று, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஐயம்பேட்டைக்காரரைப் பற்றி எழுதியிருக்க வேண்டாம் என்றார். கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, நீங்களே உங்கள் வாயால் அவனுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்திருக்கிறேன். ரொம்ப நேரமாக எழுதுகிறார். எனக்குக் காட்டவில்லை, நானும் பார்க்காமலே மடித்து அனுப்புகிறேன்.

*தம்பி சரவணனுக்கு, அப்பா எழுதுவது. நீங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டிலேயே இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும். இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன். இல்லை, வாலாஜாபாத் வீடுதான் என்றாலும் சரி. அந்த வீட்டுக்குப் பின்பக்கம் மேற்கா கிழக்கா, சுவர் எவ்வளவு நீளம் என்று அளந்து அனுப்பவும், நிழல் இல்லாமல் இருக்க முடியாது. முழுசாக வரைந்து தருகிறேன். அதற்கு முன்னால் தேன்மொழிக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதவும்.*